கடை திறந்திருக்கு, வழிதான் இல்லை

ஆபீஸில் ஆணி கொஞ்சம் குறைந்திருக்கிறது. ரொம்ப நாளாக எழுத நினைத்த ஒரு சரித்திரத்தை இன்றைக்கு எடுத்துக்கொண்டேன். ராஜா ராணி சரித்திரம் இல்லை. நம் வீட்டுச் சுவரில் வந்து முடிகிற இன்டர்நெட் ஒயருக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்கிற சரித்திரம்.

பிரச்னை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரு வெப்சைட் வீட்டு பிராட்பேண்டில் திறக்காது. அதே நிமிடம் மொபைல் டேட்டாவில் திறக்கும். பக்கத்து ஃபிளாட்டில் வேறு கம்பெனி கனெக்‌ஷன், அங்கேயும் திறக்கும். கஸ்டமர் கேருக்குப் போன் செய்தால், "மற்ற சைட் எல்லாம் திறக்குதா சார்? அப்ப எங்க லைன் சரியா இருக்கு, அந்த சைட்லதான் கோளாறு" என்பார்கள். சைட் நடத்துகிறவர்களுக்கு எழுதினால், "எங்களுக்குத் திறக்கிறதே, உங்கள் கனெக்‌ஷனைப் பாருங்கள்" என்று பதில் வரும். இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். கடை திறந்திருக்கிறது, நம் வீட்டு வாசலும் திறந்திருக்கிறது. நடுவில் இருக்கிற வழிதான் இல்லை.

ஊரை விட்டு ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நமக்கு இது சின்ன விஷயம் இல்லை. அப்பாவின் பென்ஷன் கணக்கு, ஊர் வீட்டு வரி, பிள்ளைகளின் கல்லூரி விண்ணப்பம் எல்லாம் அந்த வழியாகத்தான் வந்து போகின்றன. நான் பி.காம். படித்த வங்கிக்காரன், கம்ப்யூட்டர் ஆசாமி இல்லை. ஆனால் படிக்கப் படிக்க ஒன்று புரிந்தது. இந்த இன்டர்நெட் கட்டப்பட்டிருக்கும் விதம் எங்கள் தொழிலுக்கு ரொம்ப நெருக்கம். அதனால் வங்கிக் கணக்கிலேயே சொல்கிறேன்.

க்ளியரிங் ஹவுஸும் இன்டர்நெட்டும்

இன்டர்நெட் என்று ஒரு கம்பெனி கிடையாது. பல்லாயிரக்கணக்கான தனித்தனி நெட்வொர்க்குகள் ஒன்றோடொன்று கைகோத்து நிற்பதற்குத்தான் அந்தப் பெயர். ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் ஒரு எண் உண்டு. எங்கள் கிளைகளுக்கு ஐ.எஃப்.எஸ்.சி. எண் இருப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிடமும் சில ஐ.பி. முகவரிகள் மொத்தமாக இருக்கும். "இந்த முகவரிகள் என்னிடம் இருக்கின்றன, இவற்றுக்குப் போகிறதை என்னிடம் கொடுங்கள்" என்று ஒவ்வொரு நெட்வொர்க்கும் தன் பக்கத்து நெட்வொர்க்குகளிடம் சொல்லும். அவை தங்கள் பக்கத்து நெட்வொர்க்குகளிடம் சொல்லும். இப்படி வாய்வழிச் செய்தியாக உலகம் முழுக்கப் பரவும். அந்தச் செய்திகளை வைத்துத்தான் ஒவ்வொரு நெட்வொர்க்கும் தன் வழிப் பட்டியலை எழுதிக்கொள்கிறது.

பக்கத்து நெட்வொர்க்கோடு உறவு இரண்டு வகை. சம அந்தஸ்துள்ள இரண்டு பேர் காசு வாங்காமல் ஒருவர் சரக்கை மற்றவர் ஏற்றுக்கொள்வது ஒன்று. இதைப் பியரிங் என்கிறார்கள். க்ளியரிங் ஹவுஸில் இரண்டு பெரிய வங்கிகள் ஒருவர் செக்கை மற்றவர் வாங்கிக்கொள்வதுபோல. சின்னவர் பெரியவருக்குக் காசு கொடுத்து, "உலகத்தில் எங்கே போவதானாலும் நீங்களே கொண்டுபோய்ச் சேருங்கள்" என்று ஒப்படைப்பது இன்னொன்று. இதற்குப் பெயர் டிரான்சிட். சின்னக் கூட்டுறவு வங்கிகள் பெரிய வங்கியை ஸ்பான்சராகப் பிடித்துத் துணை உறுப்பினராக க்ளியரிங்குக்குள் வருமே, அதே கதை.

ஒரு வித்தியாசம் உண்டு. க்ளியரிங் ஹவுஸுக்கு மேலே ரிசர்வ் வங்கி இருக்கிறது. இங்கே மேலே யாரும் இல்லை. பக்கத்து நெட்வொர்க் சொல்வதை நம்புவதுதான் சட்டம்.

நாப்கினில் எழுதிய ஒப்பந்தம்

இந்த முறை எப்படி வந்தது? 1989 ஜனவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினில் இணையப் பொறியாளர்கள் கூட்டம் நடந்தது. அதுவரை இருந்த முறை, நெட்வொர்க்குகள் ஒரு மரத்தின் கிளைகள்போல ஒழுங்காகப் பிரிந்திருந்தால்தான் சரியாக வேலை செய்யும். நெட்வொர்க்குகள் பெருகி, மரம் வலையாகிக்கொண்டிருந்த நேரம் அது. சிஸ்கோவின் கிர்க் லாஹீடும் ஐ.பி.எம்.மின் யாகோவ் ரெக்டரும் மதியச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, கை துடைக்கும் பேப்பர் நாப்கினில் ஒரு புது முறையை எழுதினார்கள். அதுதான் பி.ஜி.பி. அந்த ஆண்டு ஜூனிலேயே ஆவணமாக வெளிவந்துவிட்டது. பின்னால் திருத்தங்கள் பல வந்தாலும் இன்றைக்கும் உலகத்தின் வழிப் பட்டியல் அந்த பி.ஜி.பி.யில்தான் ஓடுகிறது.

அன்றைக்கு இன்டர்நெட்டில் இருந்தவர்கள் பல்கலைக்கழகங்களும் ஆராய்ச்சிக் கூடங்களும். ஒருவரையொருவர் முகம் தெரியும். கிராமத்துக் கடையில் பெயர் சொல்லிக் கடன் வாங்குவதுபோல, சொன்ன சொல்லுக்கு அத்தாட்சி கேட்கும் பழக்கம் இல்லை. அதனால் பக்கத்து நெட்வொர்க் சொல்வது உண்மையா என்று சரிபார்க்கும் ஏற்பாடு அந்த முறையில் வைக்கப்படவில்லை. பின்னால் வந்த பல தலைவலிக்கு வேர் அங்கேதான்.

மும்பையிலிருந்து சென்னைக்கு, வெளிநாடு வழியாக

நம் நாட்டில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்ட் 15, வி.எஸ்.என்.எல். மூலமாக. 1998-ல் தனியார் கம்பெனிகளுக்கும் அனுமதி கிடைத்தது. கனெக்‌ஷன் கொடுப்பவர்கள் பெருகினார்கள். ஆனால் அவர்கள் தங்களுக்குள் கைகோத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொருவரும் தனித்தனியாக வெளிநாட்டுப் பெரிய நெட்வொர்க்குக்குக் காசு கட்டி வழி வாங்கினார்கள். விளைவு என்ன தெரியுமா? மும்பையில் ஒரு கம்பெனி கனெக்‌ஷனில் இருப்பவர், அதே மும்பையில் வேறு கம்பெனி கனெக்‌ஷனில் இருப்பவருக்கு மெயில் போட்டால், அது கடலுக்கு அடியில் போய் அமெரிக்காவையோ வேறு நாட்டையோ தொட்டுத் திரும்பி வர வேண்டியிருந்தது. செம்பூரிலிருந்து மாட்டுங்காவுக்கு நியூயார்க் வழியாக பஸ் விட்டதுபோல. போகவர டாலரில் டிக்கெட் வேறு.

இதற்கு மருந்தாக 2003-ல் ஆரம்பித்ததுதான் நிக்ஸி என்ற லாப நோக்கமற்ற அமைப்பு. நொய்டா, மும்பை, சென்னை, கொல்கத்தா என்று சந்திப்பு மையங்கள் வந்தன. உள்ளூர்ச் சரக்கை உள்ளூரிலேயே மாற்றிக்கொள்ள ஒரு க்ளியரிங் ஹவுஸ். நாம் ஊருக்கு வீடியோ கால் போட்டால் குரலும் உதடும் ஒன்றாக வருவதற்கு, சரக்கு நாட்டுக்குள்ளேயே கைமாறுவதும் ஒரு காரணம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஒரு சைட் ஒரு கனெக்‌ஷனில் மட்டும் கிடைக்காமல் போவதற்கு வழியில் என்ன ஆகலாம்? சரித்திரத்தைப் புரட்டினால் நான்கு காரணங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. பக்கத்து நெட்வொர்க் சொன்னது பொய்யாக இருக்கலாம். பக்கத்து நெட்வொர்க்கோடு சண்டை வந்திருக்கலாம். கையில் இருக்கும் பட்டியல் பழசாக இருக்கலாம். இல்லை, ஒயரே அறுந்திருக்கலாம்.

பொய்

1997 ஏப்ரல் 25. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் இருந்த ஒரு சின்ன நெட்வொர்க், எண் 7007. அங்கே ஒரு ரூட்டரில் ஏற்பட்ட கோளாறால், உலகத்தில் பலருடைய முகவரிகளைச் சின்னச் சின்னத் துண்டுகளாக உடைத்து, "இதெல்லாம் என்னிடம்தான் இருக்கிறது" என்று அறிவித்துவிட்டது. மேலே இருந்த பெரிய நெட்வொர்க் சரிபார்க்காமல் அப்படியே பரப்பியது. உலகத்தின் சரக்கு அந்தச் சின்னக் கடை வாசலில் வந்து குவிந்தது. பயந்துபோய் அந்த ரூட்டரின் ஒயரையே பிடுங்கினார்கள். அப்புறமும் அந்தப் பொய், ரூட்டருக்கு ரூட்டர் மணிக்கணக்காகச் சுற்றிக்கொண்டிருந்தது. வதந்தியைக் கிளப்பியவன் வாயை மூடினாலும் வதந்தி ஓடும் இல்லையா, அதேதான்.

மும்பையில் வேலை பார்க்கும் வங்கிக்காரனுக்கு இதைப் படித்ததும் 1992 ஞாபகம் வராமல் இருக்காது. அப்போது வங்கிகள் தங்களுக்குள் அரசுப் பத்திரங்களை வாங்கி விற்கும்போது, பத்திரத்துக்குப் பதிலாக "பேங்க் ரிசிப்ட்" என்று ஒரு சீட்டைக் கொடுத்துப் பணம் வாங்கிக்கொள்வார்கள். பத்திரம் நிஜமாகவே இருக்கிறதா என்று பல இடங்களில் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. கராட் வங்கி, மெட்ரோபாலிடன் கூட்டுறவு வங்கி என்ற இரண்டு சின்ன வங்கிகள் பத்திரமே இல்லாமல் சீட்டு எழுதின. பெரிய வங்கிகள் அதை நம்பிப் பணம் கொடுத்தன. ஹர்ஷத் மேத்தா ஊழல் என்று நாம் சொல்வதன் அடிவாரம் அந்தச் சீட்டுதான். அங்கே வேண்டுமென்றே செய்தது, 7007-ல் தெரியாமல் நடந்தது. ஆனால் ஓட்டை ஒன்றே. ஒருவர் சொல்வதை மற்றவர் எண்ணிப் பார்க்காமல் ஏற்றுக்கொண்டது.

அடுத்த பெரிய கதை 2008 பிப்ரவரி 24. பாகிஸ்தானில் யூடியூபைத் தடை செய்ய உத்தரவு. பாகிஸ்தான் டெலிகாம் தன் நாட்டுக்குள் மட்டும் யூடியூப் முகவரியைத் திசை திருப்பிக் குழியில் போட ஏற்பாடு செய்தது. அந்த உள்ளூர் அறிவிப்பு வெளியே கசிந்தது. ஹாங்காங்கின் பி.சி.சி.டபிள்யூ. நெட்வொர்க் அதைக் கேட்டு உலகத்துக்கே ஒலிபரப்பியது. நம் நேரப்படி நள்ளிரவு தாண்டி 12:17 மணி.

இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. பி.ஜி.பி.யில் ஒரே முகவரிக்கு இரண்டு அறிவிப்பு வந்தால், எது சின்ன இடத்தைக் குறிப்பாகச் சொல்கிறதோ அதுதான் ஜெயிக்கும். "சென்னைத் தபால் எல்லாம் என்னிடம்" என்று ஒருவரும், "மயிலாப்பூர்த் தபால் என்னிடம்" என்று இன்னொருவரும் சொன்னால், மயிலாப்பூர்க் கடிதம் இரண்டாமவருக்குத்தான் போகும். யூடியூப் 1024 முகவரிகளை ஒரே கட்டாக அறிவித்திருந்தது. பாகிஸ்தான் டெலிகாம் அதில் 256-ஐ மட்டும் தனியாக அறிவித்தது. உலகம் பாகிஸ்தான் பக்கம் திரும்பியது.

யூடியூப் ஆட்கள் 1:37-க்கு அதே 256-ஐத் தாங்களும் அறிவித்தார்கள். சமநிலைதான், முழு வெற்றி இல்லை. 1:48-க்கு அதை 128, 128 என்று இரண்டாக வெட்டி அறிவித்தார்கள். சரக்கு திரும்ப ஆரம்பித்தது. 2:31-க்கு ஹாங்காங் நெட்வொர்க் அந்தப் பொய்யான அறிவிப்பை நிறுத்தியது. மொத்தம் 2 மணி 14 நிமிடம். அதுவரை பல நாடுகளில் இருந்தவர்கள் மோடத்தை அணைத்து அணைத்துப் போட்டிருப்பார்கள், பாவம் :-)

சண்டை

காசு இருக்கும் இடத்தில் சண்டை இல்லாமல் இருக்குமா? லெவல் 3, கோஜென்ட் இரண்டும் அப்போது அமெரிக்காவின் பெரிய நெட்வொர்க்குகளாக இருந்தன. காசு இல்லாமல் சரக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். "நீ அனுப்புவது அதிகம், என்னிடமிருந்து எடுப்பது குறைவு, இது சமம் இல்லை, காசு கொடு" என்றது லெவல் 3. கோஜென்ட் முடியாது என்றது. 2005 அக்டோபர் 5-ம் தேதி லெவல் 3 இணைப்பைத் துண்டித்தது.

மூன்றாவது ஆள் வழியாகச் சுற்றிப் போகலாமே என்று தோன்றும். இருவருமே பெரியவர்கள். ஒருவரை அடைய இன்னொருவர் யாருக்கும் காசு கட்டி ஸ்பான்சர் வைத்திருக்கவில்லை. எனவே லெவல் 3 கனெக்‌ஷன் மட்டும் வைத்திருந்தவருக்கு, கோஜென்டில் மட்டும் இருந்த சைட்டுகள் மறைந்துபோயின. அந்தப் பக்கமிருந்தும் அப்படியே. இரண்டு கம்பெனி கனெக்‌ஷன் வைத்திருந்தவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. இரண்டு நாளில் தற்காலிகமாக இணைப்பு திரும்பியது. அக்டோபர் 28-ம் தேதி உடன்பாடு ஆனது.

2009-ல் இதே கோஜென்டோடு புது ஐ.பி.வி.6 முகவரிகளுக்கு இணைப்புக் கேட்டு ஹரிக்கேன் எலெக்ட்ரிக் என்ற நெட்வொர்க் என்ன செய்தது தெரியுமா? பொறியாளர்கள் கூட்டத்துக்கு ஒரு பெரிய கேக்கில் "தயவுசெய்து எங்களோடு இணையுங்கள்" என்று எழுதிக் கொண்டுபோய் வைத்தது. கேக் தீர்ந்தது. சண்டை தீராமல் வருடக்கணக்கில் இழுத்தது.

பழைய பட்டியல்

நம் ஆட்களுக்கு அதிகம் அகப்படுவது இந்த ரகம்தான் என்பது என் எண்ணம். யாருக்கும் ஒதுக்கப்படாத முகவரிகளிலிருந்து வருவதைத் திருட்டுச் சரக்கு என்று தடுப்பது நெட்வொர்க்குகளின் வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால் ஒதுக்காத முகவரிகள் பின்னால் ஒதுக்கப்படும்போது தடுப்புப் பட்டியலையும் திருத்த வேண்டும். திருத்தாமல் விட்டால்? 2002-ல் 69 என்று ஆரம்பிக்கும் முகவரிகளை வட அமெரிக்காவில் ஒதுக்க ஆரம்பித்தார்கள். அதை வாங்கியவர்கள் பல சைட்டுகளைத் திறக்க முடியாமல் திண்டாடினார்கள். அந்த சைட்டுகளின் வாசலில் பழைய பட்டியலோடு காவல்காரன் நின்றுகொண்டிருந்தான். 2018 ஏப்ரலில் கிளவுட்ஃப்ளேர் நிறுவனம் 1.1.1.1 என்ற முகவரியில் பொதுச் சேவை ஆரம்பித்தபோதும் இதே மாதிரி. யாரும் பயன்படுத்தாத முகவரி என்று நினைத்துப் பல கருவிகளிலும் நெட்வொர்க்குகளிலும் அதை உள்வேலைக்கு வைத்திருந்தார்கள். அங்கெல்லாம் அது கிடைக்கவில்லை.

2014 ஆகஸ்ட் 12-ல் வேறு மாதிரி. உலக வழிப் பட்டியல் 512 ஆயிரம் வரிகளைத் தாண்டியது. பழைய ரூட்டர்கள் பலவற்றில் அவ்வளவுதான் இடம். லெட்ஜரில் பக்கம் தீர்ந்தால் என்ன ஆகும்? சில நெட்வொர்க்குகள் தடுமாறின. அன்றைக்குச் சில சைட்டுகள் சிலருக்குத் திறந்தன, சிலருக்குத் திறக்கவில்லை.

எங்கள் கிளையில் ஒரு திருநெல்வேலி அண்ணாச்சி இருக்கிறார். மகளுக்குத் தமிழ்நாட்டில் ஒரு கல்லூரியில் விண்ணப்பம் போட வேண்டும். கல்லூரி சைட் வீட்டு பிராட்பேண்டில் திறக்கவே இல்லை. "சார், மூணு நாளா மோடத்தை அணைச்சு அணைச்சுப் போட்டு கை வலிக்குது. கடைசி தேதி வேற வருது" என்றார். முதலில் மொபைல் டேட்டாவில் விண்ணப்பத்தை முடிக்கச் சொன்னேன். அப்புறம் வழியைத் தேடினோம்.

இதற்கு இரண்டு பழைய கருவிகள் உண்டு. ஒன்று பிங். 1983-ல் மைக் மூஸ் என்ற அமெரிக்கர் எழுதியது. "இருக்கியா?" என்று ஒரு குரல் கொடுத்து, "இருக்கேன்" என்று பதில் வருகிறதா என்று பார்ப்பது. இன்னொன்று டிரேஸ்ரூட். 1980-களின் கடைசியில் வான் ஜேக்கப்சன் எழுதியது. விண்டோஸில் டிரேசர்ட் என்ற பெயரில் இருக்கிறது. ஒவ்வொரு டேட்டா பாக்கெட்டிலும் ஒரு எண் இருக்கும். தாண்டும் ஒவ்வொரு ரூட்டரும் அதில் ஒன்றைக் கழிக்கும். பூஜ்யமானால் பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, அனுப்பியவருக்கு ஒரு சாவுச் சீட்டு அனுப்பும். டிரேஸ்ரூட் முதலில் 1 என்று போட்டு அனுப்பும், அப்புறம் 2, அப்புறம் 3. வரும் சாவுச் சீட்டுகளை அடுக்கினால் போகும் வழி தெரிந்துவிடும். என்ன ஒரு மூளை பாருங்கள்!

அண்ணாச்சி வீட்டில் ஐந்து வரி ஒழுங்காக வந்தது. ஆறாவதிலிருந்து கடைசிவரை வெறும் நட்சத்திரம். மொபைல் வழியாகப் போட்டால் கல்லூரி வாசல்வரை போனது. சில ரூட்டர்கள் பதில் சொல்லாத ரகம், அதனால் நடுவில் ஒன்றிரண்டு நட்சத்திரம் வந்தால் கவலை இல்லை. கடைசிவரை நட்சத்திரம் என்றால்தான் சந்தேகப்பட வேண்டும். அப்போதும் பாக்கெட் போய்ச் சேர்ந்து, பதில் திரும்பி வர வழி இல்லாமலும் இருக்கலாம். போகும் வழியும் வரும் வழியும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அதனால் குற்றவாளி நம் கம்பெனியா, அந்தப் பக்கமா என்று இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது.

இரண்டு டிரேஸையும், தேதி, நேரம், வீட்டு ஐ.பி. எண்ணோடு சேர்த்து, "உங்கள் நெட்வொர்க் பொறியாளருக்கு அனுப்புங்கள்" என்று மெயில் போட்டோம். நான்காம் நாள் பதில் வந்தது. அவர்களுடைய பழைய தடுப்புப் பட்டியல் ஒன்றில் கல்லூரி சைட் இருந்த முகவரிக் கட்டு இருந்ததாம். எடுத்துவிட்டார்கள். அன்று சாயந்திரம் சைட் திறந்தது. அண்ணாச்சி வீட்டிலிருந்து எனக்கு ஒரு டப்பா அல்வா வந்தது :-)

அறுந்த ஒயர், அடைத்த வழி

நான்காவது காரணம் சுலபமாகப் புரியும். 2008 ஜனவரி 30-ல் எகிப்தின் அலெக்சாண்ட்ரியா அருகே இரண்டு பெரிய கடலடிக் கேபிள்கள் அறுந்தன. இந்தியாவிலிருந்து மேற்கே போகும் சரக்கின் பெரும்பகுதி அந்த வழியில்தான். பாதி வேகம் போனது என்று செய்தி வந்தது. கிழக்கே சிங்கப்பூர் பக்கம் வழி வைத்திருந்த கம்பெனிகள் சீக்கிரம் எழுந்தன. ஒரே வழியை நம்பியிருந்தவர்கள் தவித்தார்கள்.

இந்த நான்கிலும் சேராத ஒன்றும் இருக்கிறது. அது அரசு உத்தரவு. 2006 ஜூலையில் சில பக்கங்களை மட்டும் தடுக்கச் சொல்லித் தொலைத்தொடர்புத் துறை உத்தரவு போட்டது. பல கம்பெனிகள் பிளாக்ஸ்பாட் மொத்தத்தையும் அடைத்துவிட்டன. சிலருக்குத் திறந்தது, சிலருக்குத் திறக்கவில்லை. தமிழில் எழுதிக்கொண்டிருந்த நம் ஆட்களில் பலர் தங்கள் பக்கத்தையே பார்க்க முடியாமல் இருந்தது பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இதுவும் வழிக் கோளாறு மாதிரியே இருக்கும்.

பணம் போகும் இடம்

சைட் திறக்காவிட்டால் எரிச்சலோடு போகும். வேறு ஒரு சைட் திறந்தால்தான் ஆபத்து. 2018 ஏப்ரல் 24-ல் அது நடந்தது. அமேசானின் பெயர்ப் பட்டியல் சேவையின் முகவரிகளை, அமெரிக்காவின் ஒஹாயோவில் இருந்த ஒரு நெட்வொர்க் வழியாக யாரோ தங்களுடையது என்று அறிவித்தார்கள். சுமார் இரண்டு மணி நேரம். அந்த நேரத்தில் மைஈதர்வாலட் என்ற கிரிப்டோ சைட்டுக்குப் போனவர்களில் சிலர் போலி சைட்டில் இறங்கினார்கள். பிரவுசர் "இந்தச் சான்றிதழ் சரியில்லை" என்று எச்சரித்தது. அதைத் தாண்டிப் போனவர்களின் பணம், மொத்தம் சுமார் 1.5 லட்சம் டாலர், போனது. வங்கிக்காரனாகக் கையைப் பிடித்துச் சொல்கிறேன். நெட் பேங்கிங்கில் அந்த எச்சரிக்கை வந்தால், எவ்வளவு அவசரமானாலும் மேலே போகாதீர்கள்.

2021 அக்டோபர் 4 இரவை யாரும் மறந்திருக்க மாட்டோம். நம் நேரம் ஒன்பது மணிக்கு மேல் ஃபேஸ்புக், வாட்ஸ்அப் எல்லாம் படுத்தன. பராமரிப்பு வேலையில் ஒரு தவறு, அவர்களுடைய உள் நெட்வொர்க் அறுந்தது. அதைப் பார்த்து அவர்களுடைய பெயர்ப் பட்டியல் சர்வர்கள் தங்கள் வழி அறிவிப்பைத் தாங்களே வாபஸ் வாங்கிக்கொண்டன. உலகம் அந்தக் கடைக்குப் போகும் வழியையே மறந்தது. சுமார் ஆறு மணி நேரம். இது எல்லாக் கனெக்‌ஷனிலும் போனது. நம் ஒருவருக்கு மட்டும் போனால் அது செய்தி ஆகாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

மாதிரிக் கையெழுத்துப் புத்தகம்

வங்கியில் டிராஃப்ட் வந்தால், அந்தக் கையெழுத்து நிஜமா என்று மாதிரிக் கையெழுத்துப் புத்தகத்தை எடுத்து ஒப்பிடுவோம். இன்டர்நெட்டுக்கும் அப்படி ஒரு புத்தகம் வந்திருக்கிறது. ஆர்.பி.கே.ஐ. என்று பெயர். 2012-ல் அதன் விதிகள் வெளிவந்தன. "இந்த முகவரிகளை அறிவிக்கும் உரிமை இந்த எண்ணுள்ள நெட்வொர்க்குக்கு மட்டும்" என்று உரிமையாளர் டிஜிட்டல் கையெழுத்துப் போட்டு வைக்கலாம். மற்றவர்கள் ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தாததைத் தள்ளிவிடலாம். 2024-ல் உலக வழிப் பட்டியலில் பாதிக்கு மேல் இப்படிக் கையெழுத்துப் பெற்றதாகிவிட்டது. நாப்கினில் எழுதி முப்பத்தைந்து வருடம் கழித்துப் பாதிக் கிணறு.

இதுவும் முகவரியின் சொந்தக்காரர் யார் என்பதைத்தான் சொல்லும். நடுவில் எந்த வழியாக வந்தது என்பதைச் சொல்லாது. டிராஃப்டில் கையெழுத்து சரி, கொண்டுவந்தவர் யார் என்று கேட்க இன்னும் முழு ஏற்பாடு இல்லை. சண்டைக்கும் பழைய பட்டியலுக்கும் இதில் மருந்து கிடையாது.

அதனால் நாம் செய்யக்கூடியது என்ன? தங்கமணி சமையலறையிலிருந்து "நெட் வரல" என்று குரல் கொடுத்தால் நான் செய்யும் வரிசை இது.

1. அதே சைட்டை மொபைல் டேட்டாவில் பாருங்கள். அங்கேயும் இல்லை என்றால் பெரும்பாலும் கடையே மூடியிருக்கிறது. காத்திருங்கள்.

2. மொபைலில் வந்தால் அவசர வேலையை அதிலேயே முடித்துவிடுங்கள். நியாயம் அப்புறம்.

3. கம்ப்யூட்டரில் டி.என்.எஸ். எண்ணை வேறு பொதுச் சேவைக்கு மாற்றிப் பாருங்கள். திறந்துவிட்டால் பெயர்ப் பட்டியலில்தான் கோளாறு, வழியில் இல்லை.

4. அப்போதும் திறக்காவிட்டால் இரண்டு கனெக்‌ஷனிலும் டிரேஸ்ரூட் எடுத்து, தேதி, நேரம், ஐ.பி. எண்ணோடு இரண்டு பக்கத்துக்கும் அனுப்புங்கள். ஒரு பக்கம் மட்டும் அனுப்பினால் பந்து திரும்பி வரும்.

5. புகார் எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள். 2012-ல் டிராய் கொண்டுவந்த விதிகளின்படி, புகாருக்குத் திருப்தியான பதில் இல்லை என்றால் அந்தக் கம்பெனியிலேயே மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். அதற்கு அந்த எண் வேண்டும்.

6. வசதி இருந்தால், வீட்டு பிராட்பேண்டும் மொபைலும் வேறு வேறு கம்பெனியாக இருக்கட்டும். 2005-லும் 2008-லும் தப்பித்தவர்கள் இரண்டு வழி வைத்திருந்தவர்கள்தான்.

வங்கியில் பணம் நடுவழியில் நின்றால் ஆம்பட்ஸ்மன்வரை போய்க் கேட்க இடம் இருக்கிறது. இரண்டு நெட்வொர்க்குகளுக்கு நடுவில் வழி நின்றால், அந்த நடுவுக்கென்று ஒரு பொறுப்பாளர் கிடையாது. இரண்டு பக்கமும் கை விரித்தால் பேச்சு அங்கேயே நின்றுபோகும். அதனால்தான் வாடிக்கையாளர் கையில் இருக்கும் அந்த ஐந்து வரி டிரேஸ் முக்கியம். "நெட் வரல" என்று சொன்னால் மோடத்தை அணைக்கச் சொல்வார்கள். "ஆறாவது இடத்தில் நிற்கிறது" என்று சொன்னால் ஆறாவது இடத்தைப் பார்க்க ஆள் வருவார்.